கடல் கடந்து வரும் துணை: முந்நீர் வழக்கமும் குடிநுழைவுச் சட்டமும்

முன்னுரை

மலேசியத் தமிழர் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அயல்நாடு செல்வதும், சென்ற இடத்தில் மணம் முடித்துத் துணையோடு தாயகம் திரும்புவதும் இன்று அரிய நிகழ்ச்சிகளாக இல்லை. திரும்பி வருபவர் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருப்பின் அவரது நுழைவை எவரும் மறுத்தல் இயலாது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு குடிமக்களை நாட்டிலிருந்து வெளியேற்றுவதையும் நாட்டிற்குள் வரவிடாது விலக்குவதையும் தடை செய்கிறது. ஆனால் உடன் வரும் வாழ்க்கைத்துணைக்கு அவ்வுரிமை இல்லை. அவர் விருந்தினராக வருகிறார். அவருக்காகப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் ஒருவரின் பெயரால் தங்குகிறார். வானூர்தி நிலையத்தில் கணவனும் மனைவியும் இரு வேறு வரிசைகளில் நிற்கும் காட்சி இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுகிறது.

இஃது சட்டத்துறையார் ஆராயவேண்டிய பொருள், தமிழாய்வுக்கு இதில் என்ன பங்கு என்னும் வினா எழலாம். ஒரு சமுதாயம் அயலிலிருந்து வரும் துணையை எவ்வாறு எண்ணிப் பார்க்கிறது என்பதை அதன் சட்டம் மட்டும் கூறுவதில்லை. அதன் இலக்கியமும் கூறுகிறது. கடல் கடந்து சென்று திரும்பும் ஆடவனைப் பற்றியும், அவன் அங்கே கொண்ட உறவைப் பற்றியும், அவ்வுறவின் பயனாகிய மகவைப் பற்றியும் தமிழ்ப் பனுவல்கள் மிகப் பழங்காலத்திலேயே பேசியுள்ளன. அப்பனுவல்களை இன்றைய குடிநுழைவு, குடியுரிமை விதிகளோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது இரண்டிற்கும் இடையே ஓர் ஒப்புமையும் ஒரு முரணும் புலனாகின்றன. அயற்பெண்ணின் மகனுக்குக் கரை திறப்பதும், அவளுக்கு அது திறவாதிருப்பதும் அல்லது மிகக் காலந்தாழ்ந்து திறப்பதும் ஒப்புமை. பிரிவை இலக்கியம் அன்பின் சான்றாகக் கொள்ள, சட்டம் அதனை மணமின்மையின் சான்றாகக் கொள்வது முரண். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முந்நீர் வழக்கம்

தொல்காப்பிய அகத்திணையியலில், முந்நீர் வழக்கம் மகளிரோடு கூடியதாக அமைவதில்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று உண்டு. இதன் பொருள் குறித்து உரையாசிரியரிடையே வேறுபாடு காணப்படுகிறது. முந்நீர் என்பதைக் கடல் எனக் கொண்டு, கலத்தில் ஏறிச் செல்லும் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் மரபன்று என்று கூறுவது ஒரு நெறி. நச்சினார்க்கினியரோ அச்சொல்லை மூவகை நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் ஆகியவை குறித்த பிரிவிற்கு ஏற்றுவார். எவ்வாறு கொள்ளினும் விளைவு ஒன்றே. செல்பவன் ஆடவன், இருப்பவள் பெண்.

இவ்விதி அக்கால வாழ்வை அப்படியே படம்பிடித்தது என்று கொள்ளவேண்டியதில்லை. இது செய்யுள் மரபுக்கு வகுத்த இலக்கணம். எனினும் இலக்கண விதி எதனை எண்ணத்தக்கதாக்குகிறது, எதனை எண்ணாமல் விடுகிறது என்பது நோக்கத்தக்கது. முல்லையும் பாலையும் நெய்தலும் இவ்விதியின் நிழலிலேயே தழைத்தன. பொருள்வயிற் பிரிந்தவன் குறித்த பருவத்தில் மீள்வான் என்னும் நம்பிக்கையே இருத்தலுக்கு உயிர். அவன் தேர் வரும் வழியையும் கார்காலத்து முதல் மழையையும் பாடிய புலவர் பலர். அவன் மீளும்போது உடன் எவரேனும் வருதல் கூடுமோ என்னும் வினாவிற்கு அகமரபில் இடமில்லை. மருதத்தில் பரத்தை உண்டு. ஆனால் அவள் அதே ஊரினள். கடலுக்கு அப்பாலிருந்து வரும் துணைவி என்னும் மாந்தர் வகையே அகத்திணை மாந்தருள் இல்லை.

மரபு வெற்றிடமாக விட்ட இவ்விடத்தை நிரப்ப முயன்ற பனுவல்கள் பின்னர்த் தோன்றின. அவற்றுள் முதன்மையானது மணிமேகலை.

சாதுவனும் நெடுமுடிக்கிள்ளியும்

மணிமேகலைக் காப்பியத்துள் நாகர் வாழும் அயல்நிலத்தோடு தொடர்புற்ற ஆடவர் இருவர் வருகின்றனர். ஒருவன் வணிகன் சாதுவன். மற்றவன் சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி. இவ்விருவரையும் இணைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதியாக இல்லை. ஆதிரையின் கற்பைச் சுட்டச் சாதுவன் கதையும், புகார் நகரின் அழிவைச் சுட்ட மன்னன் கதையும் தனித்தனியே எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆயின் இவை ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் என்பது நம் கருத்து.

சாதுவன் பொருளை இழந்து, பின் பொருளீட்டக் கலம் ஏறுகிறான். கலம் உடைய, நாகர் மலைப்பக்கம் சேர்கிறான். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். நாகர் தலைவன் அவனுக்கு இளம்பெண் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் வழங்க முன்வருகிறான். சாதுவன் மறுத்து, அவர்களுக்கு அறம் உரைக்கிறான். பின் பொருளோடு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் திரும்புகிறான். ஊரில் ஆதிரை காத்திருக்கிறாள். கணவன் இறந்தான் எனக் கேட்டு அவள் மூட்டிய தீயும் அவளைச் சுடவில்லை. ஆக, அயல்நிலத்திலிருந்து எவ்வாறு திரும்பவேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி: பொருளோடு திரும்பலாம், பெண்ணோடு திரும்பலாகாது.

நெடுமுடிக்கிள்ளியின் கதை இதன் மறுதலை. புகார்ச் சோலையில் தனியே நின்ற பீலிவளை என்னும் நாகநாட்டு மங்கையை மன்னன் காண்கிறான். அவள் நாகவேந்தன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்தவள். ஒரு திங்கள் அவனோடு கூடி இருந்தபின் அவள் சொல்லாமலே நீங்குகிறாள். தேடித் திரிந்த மன்னனுக்குச் சாரணர் ஒருவர் உண்மை உரைக்கிறார். அவள் வரமாட்டாள், அவள் வயிற்றில் பிறக்கும் மகன் வருவான் என்பதே அவ்வுரையின் சாரம். பின்னர்ப் பீலிவளை மணிபல்லவத்தில், அங்கு வந்த கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் குழந்தையை ஒப்படைக்கிறாள். கலம் அன்றிரவே கரைக்கு அருகில் உடைகிறது. மகனைக் காணாத மன்னன் கடற்கரையெங்கும் தேடி அலைகிறான், இந்திரவிழா மறக்கப்படுகிறது, புகாரைக் கடல் கொள்கிறது.

இந்நிகழ்ச்சி காப்பியத்துள் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கூறப்படவில்லை. வெவ்வேறு காதைகளில், வெவ்வேறு மாந்தர் வாயிலாக, துண்டு துண்டாக வெளிப்படுகிறது. கூறுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஒருவர் நோக்கமும் பீலிவளையின் நிலையை விளக்குவதாக இல்லை. அவள் ஏன் சொல்லாமல் நீங்கினாள், ஏன் மகனை மட்டும் அனுப்பித் தான் வராதிருந்தாள் என்பவற்றுக்கு நூல் தரும் விடை, அவள் பிறந்தபோது கணியன் கூறிய குறி ஒன்றேயாம். கதிரவன் மரபினன் ஒருவனைக் கூடிக் கருவோடு மீள்வாள் என்பது அக்குறி. அரண்மனையில் அவளுக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்னும் வினா எழாதவாறு ஊழ் அதனை மூடிவிடுகிறது. குழந்தையை வணிகனிடம் கொடுக்கும்போது அவள் வாயிலிருந்து வரும் சொற்களும் இவன் மன்னன் மகன் என்னும் அறிவிப்பாகவே அமைகின்றன. தன்னை அவள் மனைவி என்று கூறிக்கொள்ளவில்லை. மகனுக்குத் தந்தை யார் என்பதை மட்டும் கூறுகிறாள். ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுதத்தக்க செய்தியும் அதுவே.

தொண்டைக்கொடி என்னும் ஆவணம்

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைத் திரை தந்த மரபினனாகக் குறிப்பிடுகிறார். இதற்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர் ஒரு கதையைத் தருகிறார். நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடுகிறான். பிரியும்போது, பிறக்கும் புதல்வனை என் செய்வது என்று அவள் கேட்கிறாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறும், அவன் கரையேறினால் அரசுரிமை அளிப்பதாகவும் மன்னன் கூறுகிறான். அவ்வாறே மகன் திரையால் கொண்டுவரப்பட்டு நாடாள்கிறான். காணாமற்போன பீலிவளை மகனே இளந்திரையன் என இவ்விரு கதைகளையும் இணைத்த ஆராய்ச்சியாளரும் உளர். மணிமேகலை நூலில் அவ்விணைப்பு இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இக்கதையை ஓர் அரசமரபின் தோற்றக்கதையாகவே நாம் இதுவரை கற்பித்து வந்துள்ளோம். தொண்டைமான் என்னும் பெயர்க்காரணம் கூற இது போதும். ஆனால் இதனை ஓர் ஒப்பந்தமாகவும் படிக்கலாம். நாககன்னி கேட்ட வினா மகனைப் பற்றியது, தன்னைப் பற்றியதன்று. மன்னன் அளித்த வாக்குறுதியும் மகனுக்கே உரியது. அதுவும் நிபந்தனையோடு கூடியது: கரையேறினால் மட்டுமே அது செல்லும். இடையில் உள்ள கடலுக்கு மன்னன் பொறுப்பேற்கவில்லை. அடையாளமாகிய கொடியோ தந்தையின் சொல்லால் பொருள் பெறுவது. தாய் அதனைக் கட்டிவிடுகிறாள். ஆனால் அது அவளைக் குறிப்பதன்று. கொடி கண்டவர் இவன் எவன் மகன் என்று அறிவர். எவள் மகன் என்று கேட்கவேண்டிய தேவை இல்லை.

அயல்மனைவியின் வருகையைத் தமிழ்க் கற்பனை ஏற்க இயலாதிருந்தது என்று இதனால் முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு பொதுமை கூறுவது மிகையாகும். நாம் கூறுவது இவ்வளவே: இவ்விரு பனுவல்களிலும் மகன் கடக்கும் கடலைத் தாய் கடப்பதில்லை. தந்தைவழி அடையாளமே கரையேறும் உரிமையாகிறது.

சட்டப் பனுவலைப் படித்தல்

சட்டமும் ஒரு பனுவலே. யாரை எழுவாயாக வைக்கிறது, யாரைச் செயப்படுபொருளாக வைக்கிறது என்னும் நோக்கில் அதனைப் படிக்கலாம். மலேசியாவில் அயல்நாட்டில் மணந்து திரும்பும் முஸ்லிம் அல்லாதார் முதலில் எதிர்கொள்வது 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமாகும். அஃது 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அயல்நாட்டில் நிகழ்ந்த மணத்தை ஆறு திங்களுக்குள் அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தில், அல்லது அதற்குள் நாடு திரும்பினால் இங்குள்ள பதிவதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. மணம் அங்கே முடிந்திருப்பினும் இங்கே அறிவிக்கப்படல் வேண்டும் என்பது இதன் கருத்து.

அடுத்து, நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. இதற்கு விண்ணப்பிக்கையில் குடிமகனாகிய துணை பொறுப்பேற்பவராகிறார். வருபவரின் தகுதி அவரது கல்வியையோ பண்பையோ மட்டும் பொறுத்ததன்று. மணம் நிலைத்திருத்தலையும் பொறுப்பேற்பவரின் ஒப்புதலையும் பொறுத்தது. மணம் முறிந்தால் அனுமதியின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இல்வாழ்க்கையில் நேரும் பூசல் எதுவாயினும், இருவருள் ஒருவர் கையில் மற்றவரின் இருப்புரிமை இருக்கிறது என்பதை இருவருமே அறிவர். இத்தகைய ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் ஊடல் என்னும் அகப்பொருள் துறைக்கு இடமுண்டோ என்று வினவுவது இலக்கிய மாணவர்க்கு உரிய வினாவாகும். ஊடுபவள் வெளியேற்றப்பட மாட்டாள் என்னும் உறுதியின்மேல் எழுந்ததே மருதத்திணை.

மூன்றாவது, குடியுரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 15(1) பிரிவு, குடிமகனின் மனைவி கூட்டரசில் விண்ணப்பத்திற்கு முன் ஈராண்டுகள் வாழ்ந்து, நிலையாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவராயின் குடிமகளாகப் பதிவு பெறும் உரிமை உடையவர் என்கிறது. அப்பிரிவின் எழுவாய் மனைவியே. குடிமகளின் கணவனுக்கு இணையான பிரிவு எதுவும் இல்லை. அவர் 19ஆம் பிரிவின் வழியே இயல்புரிமை கோரவேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் பத்தாண்டுகள் வாழ்ந்திருத்தலும் மலாய் மொழியறிவும் வேண்டும். ஆடவன் சென்று பெண்ணோடு திரும்புவது எண்ணத்தக்கது. பெண் சென்று ஆடவனோடு திரும்புவது எண்ணப்படவில்லை. தொல்காப்பிய நூற்பாவின் மௌனம் இங்கே சட்டத்தின் மௌனமாக மீண்டும் ஒலிக்கிறது எனலாம். 2001ஆம் ஆண்டில் 8(2) பிரிவில் பால் வேறுபாடு காட்டலாகாது என்னும் சொல் சேர்க்கப்பட்டபின்னும் இம்மௌனம் கலையவில்லை.

நான்காவது, மகவு. அயல்நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை குடிமகனாக இருப்பின் சட்டத்தின் இயக்கத்தாலேயே குடியுரிமை கிட்டும் என்பதே அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை வகுத்த நெறி. தாய் குடிமகளாக இருப்பின் அவ்வாறு கிட்டாது, விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும். தொண்டைக்கொடியின் விதி இதுவே. 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மாருக்கும் சமவுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதனை மாற்றியது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை, தந்தை என்பதற்கு மாற்றாகப் பெற்றோருள் ஒருவரேனும் என்று அமையும் திருத்தத்தை நிறைவேற்றியது. சொல் ஒன்று மாறுவதற்கு விடுதலைக்குப்பின் அறுபத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன. சிங்கப்பூரில் இத்தகைய மாற்றம் 2004ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது.

ஆயினும் அதே 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அயல்மனைவியரைப் பொறுத்தவரை வேறு திசையில் சென்றது. மண நாளிலிருந்து ஈராண்டிற்குள் மணம் முறிந்தால் பதிவுக் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று முன்னர் இருந்ததை, குடியுரிமை பெற்ற நாளிலிருந்து ஈராண்டு என்று மாற்றியது. மகவுக்குக் கதவு அகன்றது. மனைவியின்மேல் கண்காணிப்பு நீண்டது. பீலிவளையின் கதையை அறிந்தவர்க்கு இவ்விரண்டும் ஒரே ஆவணத்தில் அமைந்தமை வியப்பளிக்காது.

பிரிவு என்னும் சான்று

இதுகாறும் கண்டது ஒப்புமை. இனி முரணைக் காண்போம். 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வருவோரின் நுழைவு சுருங்கியபின், ஏற்கெனவே இங்கு வாழ்ந்தோரின் மனைவி மக்களே வருவோருள் பெரும்பங்கினராயினர். 1959இல் சிங்கப்பூர் அவ்வாயிலையும் குறுக்கியது. 1954 டிசம்பருக்குப் பின் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவியரும் ஆறு வயதை எட்டிய பிள்ளைகளும் நுழைதல் தடுக்கப்பட்டது.

இவ்விதியின் தருக்கம் உற்று நோக்கத்தக்கது. ஐந்தாண்டு பிரிந்திருந்தவள் மனைவியாக வாழவில்லை என்பதே அதன் உட்கோள். அக்காலத் தொழிலாளரும் சிறு வணிகரும் தம் மனைவியரை ஊரில் விட்டு இங்கு உழைத்தமைக்குக் காரணம் அன்பின்மை என்று எவரும் கூறார். கப்பற்கட்டணம், குடியிருப்பு வசதியின்மை, ஊரிலிருந்த முதியோரைப் பேணும் கடமை ஆகியவை பிரிவை விதித்தன. பணவிடைத்தாள்களும் கடிதங்களுமே அவர்தம் இல்லறம். அகமரபில் வைத்து நோக்கின், இவர்கள் முல்லைத் தலைவியர். ஆற்றியிருத்தலே அவர்தம் கற்பிற்கு உரைகல். எந்த ஐந்தாண்டுப் பொறுமையை இலக்கியம் மனைவிக்கு உரிய பெருமையாகப் பாடுமோ, அதே ஐந்தாண்டைச் சட்டம் மனைவியல்லள் என்பதற்குச் சான்றாக்கியது.

இன்றைய நடைமுறைகளிலும் இத்தருக்கம் வேறு உருவில் தொடர்கிறது. மணம் உண்மையானதா என்பதை அளக்க உடன்வாழ்தல், ஒரே முகவரி, இணைந்த புகைப்படங்கள் முதலியவை உலகின் பல நாடுகளில் வேண்டப்படுகின்றன. தொழில் நிமித்தம் இருவேறு நாடுகளில் சில காலம் வாழ்ந்த இணையர் தம் அன்பை மெய்ப்பிக்க மிகுதியாக உழைக்கவேண்டியுள்ளது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டில் அயல்துணைவர்க்கெனக் கூடுதல் சலுகைகளோடு கூடிய நீண்டகால வருகை அனுமதி அறிமுகமாயிற்று. 2015 முதல் மணத்திற்கு முன்பே தகுதியை மதிப்பிடும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பேற்பவரின் வருவாய் அம்மதிப்பீட்டில் இடம்பெறும் கூறுகளுள் ஒன்று. களவுக்கும் கற்புக்கும் இடையே வரைவு என்னும் நிலையை அகமரபு வைத்தது. அங்கே வரைவுக்கு உடன்பட வேண்டியோர் தமர். இங்கே தமரோடு அரசும் அவ்விடத்தில் அமர்ந்திருக்கிறது.

பொருளின் பங்கும் மாறியுள்ளது. அகமரபில் தலைவன் பொருளைத் தேடிப் பிரிகிறான். பொருள் பிரிவுக்குக் காரணம். இன்று பொருளே சேர்வதற்கு நிபந்தனை. அயல்நாட்டில் பணிபுரியும் மலேசியத் திறனாளரைத் தாயகம் திரும்பச் செய்யும் திட்டத்தில், அயல்நாட்டுத் துணைக்கு நிரந்தரவாசத் தகுதியை விரைந்து வழங்குதல் சலுகைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. திட்டத்தின் நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் அதன் உட்பொருள், குடிமகனின் திறனுக்கு ஏற்ப அவன் மனைவியின் காத்திருப்பு குறையும் என்பதாகும். உயர்தொழில் வல்லுநரின் மனைவிக்கும் சாதாரணத் தொழிலாளியின் மனைவிக்கும் பிரிவுத்துயர் வேறுபடும் என்று எந்த இலக்கண நூலும் கூறவில்லை.

எதிர்வாதங்கள்

நம் வாசிப்பிற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, பழம்பனுவலை இன்றைய சட்டத்தோடு ஒப்பிடுதல் கால வழு என்பது. மணிமேகலை ஆசிரியர் குடியுரிமையைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்பது உண்மையே. காப்பியத்தின் நோக்கம் பௌத்த அறத்தை உரைத்தல். பற்றின் விளைவாக மன்னன் கடமை மறந்ததையே அது கண்டிக்கிறது. ஆயினும் ஒரு பனுவல் தன் நோக்கத்திற்குப் பயன்படுத்தும் கதைக்கூறுகள் அதன் காலத்து எண்ணங்களைத் தாங்கி நிற்கின்றன. நாம் ஒப்பிடுவது நோக்கங்களை அன்று. யார் பெயரால் யார் கரையேறுகிறார் என்னும் அமைப்பை மட்டுமே ஒப்பிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு வலியது. பொய்ம்மணங்கள் உள்ளன, மணத்தின் பெயரால் ஆட்கடத்தலும் நிகழ்கிறது, ஆராயாது அனுமதித்தல் பெண்களுக்கே தீங்காகும் என்பது அது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆராய்தல் அரசின் கடமை. நாம் வினவுவது ஆராயும் அளவுகோலைப் பற்றியே. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட விதி, பொறுப்பேற்பவரின் கையில் முழு அதிகாரத்தையும் வைக்குமாயின், அது பாதுகாக்க எண்ணியவரையே அவர்க்கு அடிமையாக்கும். கொடுமைக்கு உள்ளான அயல்மனைவி புகாரளிக்கத் தயங்குவதற்கு இதுவே காரணமாகும். மகளிர் அமைப்புகள் நெடுங்காலமாக இதனைச் சுட்டி வருகின்றன.

வகுப்பறைக்கு உரியவை

இவ்வாய்வின் பயன் சட்டத்திருத்தக் கோரிக்கையோடு முடிவதன்று. தமிழாசிரியர் என்ற நிலையில் நம் கையில் உள்ளது வாசிப்பு. பீலிவளையை நாம் இதுவரை இரு வகையில் கற்பித்துள்ளோம்: புகார் அழிவின் காரணமாகவும், தொண்டைமான் மரபின் தாயாகவும். முதலாவது அவளைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவளை வழியாக்குகிறது. இரண்டிலும் அவள் வாழ்க்கைத்துணையாகக் கருதப்படவில்லை.

மாணவர் முன் வைக்கத்தக்க வினாக்கள் சிலவற்றை இங்குச் சுட்டலாம். பீலிவளை ஏன் சொல்லாமல் நீங்கினாள்? கணியன் குறியை விலக்கிவிட்டால் எஞ்சும் காரணங்கள் யாவை? நாகர்மொழி அறிந்திருந்த சாதுவன் பிழைத்தான்; புகாரில் பீலிவளையின் மொழி அறிந்தவர் எவரேனும் இருந்தனரா? கம்பளச் செட்டியின் கலத்தில் மகனோடு அவளும் ஏறியிருந்தால் கதை எவ்வாறு அமையும்? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் மாணவர், தம் வகுப்பிலேயே தாயோ தந்தையோ அயல்நாட்டினராக உள்ள நண்பர் இருப்பதை நினைவுகூர்வர். இலக்கியக் கல்வி அவர்க்கு அந்நண்பரின் இல்லத்தைப் புரியவைக்குமாயின் அதன் பயன் நிறைவேறும்.

புனைகதை எழுதுவோர்க்கும் இதில் பணி உண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதை தோட்ட வாழ்வையும் சயாம் மரண ரயிலையும் பதிவு செய்ததுபோல, அனுமதிச் சீட்டின் காலக்கெடுவை நாட்காட்டியில் வட்டமிட்டு வாழும் குடும்பத்தையும் பதிவு செய்தல் வேண்டும். அகமரபு தந்த இருத்தல், இரங்கல் என்னும் உரிப்பொருள்கள் அதற்குப் போதிய அடித்தளமாகும். குடிநுழைவு அலுவலகத்தில் எண் அழைக்கப்படும்வரை அமர்ந்திருப்பவரின் நிலை இருத்தலன்றி வேறென்ன?

முடிவுரை

தமிழ் அகமரபு கடல் கடந்து வரும் துணைக்கு இடம் வகுக்கவில்லை. மணிமேகலையும் நச்சினார்க்கினியர் உரைக்கதையும் அவளைக் காட்டினாலும், தந்தையின் அடையாளம் தாங்கிய மகனுக்கே கரையை அளித்தன. விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்பும் நெடுங்காலம் அவ்வழியே நின்றது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகவைப் பொறுத்தவரை அதிலிருந்து விலகத் தொடங்கியது. துணையைப் பொறுத்தவரை, குறிப்பாகக் குடிமகளின் கணவனைப் பொறுத்தவரை, இன்னும் விலகவில்லை. மறுபுறம், பிரிவை அன்பின் அளவையாகக் கண்ட மரபு நம்முடையது. உடன்வாழ்தலை மட்டுமே மணத்தின் சான்றாகக் கொள்ளும் விதிகளுக்கு அம்மரபு ஒரு திருத்தத்தை வழங்க இயலும். பிரிந்திருந்தோர் அனைவரும் பிரிந்தோர் அல்லர் என்பதே அத்திருத்தம். இதனை அரசுக்கு எடுத்துரைக்கும் முன்னர் நம் வகுப்பறைகளில் எடுத்துரைத்தல் நம் கடன்.